தெருவுக்காக நின்றேன்

2021 ஆம் ஆண்டு நவம்பர் மாதம். வடகிழக்குப் பருவமழை அவ்வாண்டு கடற்கரை ஊர்களை விட்டுவைக்கவில்லை. ஓர் இரவு தஹஜ்ஜுத் தொழுகைக்காக எழுந்து கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தேன். கரண்டைக்கால் அளவு தண்ணீர். வெறும் மழைநீராக இருந்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். அதன் வாடையே அது வாறுகால் தண்ணீர் என்று சொல்லிவிட்டது.

எண்பது வயதைக் கடந்த என் உம்மா அடுத்த கட்டிலில் கால்களை மடக்கி அமர்ந்திருந்தார்கள். "நம்ம வீட்டுக்குள்ளே இந்தத் தண்ணி இதுவரைக்கும் வந்ததில்லையேம்மா" என்று அவர்கள் சொன்னபோது அந்தக் குரலில் இருந்தது அச்சமன்று, அவமானம். தொழுகைக்குரிய இடமெல்லாம் அசுத்தமாகிவிட்டதே என்ற வேதனை. மறுநாள் முழுவதும் வீட்டைக் கழுவினோம். மூன்றாம் நாள் மீண்டும் மழை, மீண்டும் அதே தண்ணீர்.

நான் முப்பது ஆண்டுகள் எங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். நகராட்சி, வார்டு, தீர்மானம் என்பவையெல்லாம் நான் மாணவிகளுக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுத்தவை. 74 ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது, பன்னிரண்டாவது அட்டவணையில் நகராட்சிகளுக்குரிய 18 பணிகள் வரிசையாகக் கூறப்பட்டுள்ளன என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். குடிநீர், தெரு, துப்புரவு, தெருவிளக்கு, பிறப்பு இறப்புப் பதிவு, அடக்கத்தலம் என எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் என் வீட்டு வாசலில் ஓடும் வாறுகால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது எனக்குத் தெரியாது. அதை அறிந்துகொள்ள வேண்டுமென்று அதற்கு முன் தோன்றியதும் இல்லை.

யாரிடம் முறையிடுவது என்றும் தெரியவில்லை. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலைச் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. அதே மாதம் பழைய உறுப்பினர்களின் பதவிக்காலமும் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து தனி அலுவலர்களின் பொறுப்பில்தான் நகராட்சிகள் இயங்கின. ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக, வாசலில் நின்று உரிமையோடு கூப்பிட்டுக் கேட்பதற்கு ஒரு வார்டு உறுப்பினர் தமிழகத்தின் எந்த நகரத் தெருவிலும் இல்லை.

இந்த நிலையில்தான் தேர்தல் அறிவிப்பு வந்தது. 2022 பிப்ரவரி 19 வாக்குப்பதிவு. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்று மூன்றிலுமாக 12,838 வார்டுகள். பெண்களுக்கான இட ஒதுக்கீட்டை மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதியாக உயர்த்திய 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

ஒரு மாலை, தெருப் பெரியவர்கள் நால்வர் வீட்டுக்கு வந்தார்கள். என் கணவர் வெளித் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார். நான் திரைக்கு இப்பால் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"மச்சான், நம்ம வார்டு பொம்பளைங்களுக்கு ஒதுக்கியாச்சு. உங்க வீட்டுப் பேரைக் குடுத்தாப் போதும். மத்ததையெல்லாம் நாங்க பாத்துக்குவோம்."

என் கணவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "பேரு அவங்களோடது காக்கா. அவங்களையே கேளுங்க" என்றார்.

திரைக்கு இப்பாலிருந்தே நான் பதில் சொன்னேன். "நின்றால் நானே நிற்பேன். கூட்டத்துக்கும் நானே போவேன். கையெழுத்தும் நானே படித்துப் பார்த்துத்தான் போடுவேன். சம்மதம் என்றால் சொல்லுங்கள்."

தேநீரைக் குடித்துவிட்டுப் போனவர்கள் மீண்டும் வரவில்லை. ஒரு வாரத்தில் வேறொரு பெண்ணை நிறுத்த முடிவு செய்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அவள் யாரென்று கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னிடம் எட்டாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும் படித்த பெண். வயது முப்பதுகூட நிரம்பவில்லை. அவள் கணவரின் வியாபாரத்துக்கு ஊரில் செல்வாக்கு உண்டு.

நான் சுயேச்சையாக நிற்பதென்று தீர்மானித்தேன். முதல் எதிர்ப்பு வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. உம்மாவின் தங்கை, என் சாச்சி, மார்க்க விஷயம் தெரிந்தவர்கள். "பதவியைக் கேட்டுப் போகாதே என்றல்லவா நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது? கேட்டு வாங்கினவன் அந்தப் பதவியோடு தனியே விடப்படுவான். கேட்காமல் வந்தால்தான் அதில் உதவி கிடைக்கும். நீ வாசல் வாசலாய்ப் போய்க் கேட்கப் போகிறாயே" என்றார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "எனக்காகக் கேட்கவில்லை சாச்சி, தெருவுக்காக" என்றேன். அவர்கள் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "அதை நீதான் உன் மனதிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்" என்றார்கள். அந்தச் சொல் என்னை விடவில்லை.

இரண்டாயிரம் ரூபாய் காப்புத்தொகை கட்டி வேட்புமனுவைக் கொடுத்தேன். பக்கத்து வீட்டு மாமி முன்மொழிந்தார்கள். வாக்குக் கேட்பதற்கு முன் குறையைக் கேட்க வேண்டும் என்று எண்ணி, இருநூறு பக்க நோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டேன். பெண்கள் தைக்காவில் எல்லாரையும் கூட்டினால் எளிதாக இருக்குமே என்று சிலர் சொன்னார்கள். வழிபாட்டுத் தலத்தில் வாக்குக் கேட்பது தேர்தல் நடத்தை விதிக்கு மாறானது என்பதால் மறுத்துவிட்டேன். முடுக்கு வழியாக வீடு வீடாகப் போனோம். நானும், மாமியும், கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்பிள்ளைகளும். 186 வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம்.

குடிநீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, கழிவுநீர்த் தொட்டி எங்கே இருக்கிறது, தொட்டி நிறைந்தால் நீர் எங்கே போகிறது, எந்த விளக்கு எரியவில்லை, வீட்டில் நடக்க இயலாத முதியவர் உண்டா என்று கேட்டு எழுதினோம். பத்து நாளில் நோட்டு நிறைந்துவிட்டது. நிறைய நிறைய, குற்றவாளி நகராட்சி மட்டுமன்று என்பது தெளிவாயிற்று. 43 வீடுகளின் கழிவுநீர்த் தொட்டிக் குழாய்கள் மழைநீர் ஓட வேண்டிய வாறுகாலுக்குள் திருப்பிவிடப்பட்டிருந்தன. 29 வீடுகளின் வாசற்படிகள் வாறுகாலின் மேலேயே கட்டப்பட்டிருந்தன.

எங்கள் வார்டின் தாழ்ந்த கோடியில் நாற்பது வீடுகள் கொண்ட ஒரு தெரு உண்டு. நம் சமுதாயத்தைச் சேராத, உழைத்துப் பிழைக்கும் மக்கள் வாழும் தெரு. இத்தனை வருடங்களில் நான் அங்கே காலடி வைத்ததில்லை. எங்கள் தெருத் தண்ணீரெல்லாம் அங்கேதான் போய்த் தேங்குகிறது என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். நகராட்சியில் துப்புரவுப் பணி செய்யும் ஓர் அம்மாள் அங்கே வசிக்கிறார். இருபது ஆண்டுகளாக எங்கள் தெருவைக் கூட்டி அள்ளுபவர்.

"ஏம்மா, எங்க தெரு வாறுகால் ஏன் அடைச்சுக்குது?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "இத்தனை வருசத்துல இதை யாரும் எங்கிட்டக் கேட்டதில்ல டீச்சரம்மா. உங்க வீட்டுப் படிக்குக் கீழே கையும் போகாது, கம்பும் போகாது. அதுக்கு இந்தப் பக்கம் நான் என்னத்தை அள்ளினாலும் அங்க போயி நின்னுக்கும்."

என் வீட்டுப் படி!

மறுநாள் கொத்தனாரை வரவழைத்து, குழாயில் தண்ணீர் நிரப்பித் தெரு முழுவதும் மட்டம் பார்த்தோம். அந்த அம்மாள் சொன்னது சரிதான். கடல் பக்கமாகச் சரிந்து போக வேண்டிய வாட்டம், எங்கள் வாசலுக்கு நேரே அரைச் சாண் மேலேறியிருந்தது. படி அசையாமலிருக்க, கட்டியபோது வாறுகாலின் அடியிலும் காரை போட்டிருக்கிறார்கள். மேலே வரும் தண்ணீர் அதைத் தாண்ட முடியாமல் திரும்பி, எங்கள் வீட்டுக்குள்ளேயே நுழைந்திருக்கிறது.

அந்தப் படியைக் கட்டியவர் என் வாப்பா. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு என்பதால், என் நிக்காஹுக்கு முன் இந்த வீட்டைப் புதுப்பித்தபோது ஆசையாகக் கட்டிய மூன்று படிகள். மௌத்தாகும் வரை அஸருக்குப் பின் அங்கேதான் அமர்ந்து, போவோர் வருவோரிடம் ஸலாம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதை இடிப்பதென்றால் அவர்கள் அமர்ந்த இடத்தையே இல்லாமலாக்குவது போலிருந்தது. இடிக்காமல், மற்ற 28 வீட்டார் வாசலில் நின்று எந்த முகத்தோடு பேசுவேன்?

உம்மாவிடம் அனுமதி கேட்டேன். வெகுநேரம் பேசாமலிருந்தார்கள். பிறகு, "உன் வாப்பா தெரிஞ்சு யாருக்கும் இடைஞ்சல் பண்ணினவங்க இல்லை. தெரியாமப் பண்ணினதை நீ எடுத்துவிட்டா அவங்களுக்கு நன்மைதானே" என்றார்கள். பாதையிலிருந்து பிறருக்குத் தொல்லை தருவதை அகற்றுவதும் ஈமானின் கிளைகளில் ஒன்று என்று சிறு வயதில் எனக்குச் சொல்லித் தந்தவர்களும் அவர்கள்தாம். பிப்ரவரி முதல் வாரத்தில் அந்த மூன்று படிகளும் பெயர்க்கப்பட்டன. என் தம்பி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

அதைப் பார்த்துத் தாங்களாகவே முன்வந்து ஆறு வீட்டார் படிகளை எடுத்தார்கள். வேறு சிலர், "ஜெயித்தால் நம்ம வீட்டையும் இடித்துவிடுவாள்" என்று பேசத் தொடங்கினார்கள். எனக்கு வாக்குகளைத் தந்ததும் அந்தப் படிதான், பறித்ததும் அந்தப் படிதான்.

பிரசாரம் ஓய்ந்த மறுநாள் இரவு, நெருங்கிய உறவினர் ஒருவர் வந்தார். மற்ற தரப்பில் வீட்டுக்கு இவ்வளவு என்று கொடுக்கப்படுவதாகக் கேள்வி, நாமும் ஏதேனும் கொடுத்தால்தான் கரை சேரலாம், பணத்துக்கு நான் பொறுப்பு என்றார். அது உண்மையா, வெறும் பேச்சா என்பது எனக்குத் தெரியாது. நான் மறுத்துவிட்டேன். அது பெரிய தியாகமென்று எழுத எனக்கு விருப்பமில்லை. என் மாணவிகளின் தாய்மாரிடம் போய் உறையை நீட்ட என் கை வராது, அவ்வளவே.

பிப்ரவரி 22 அன்று வாக்கு எண்ணிக்கை. எனக்கு 352. என் மாணவிக்கு 389. முப்பத்தேழு வாக்கு வித்தியாசம்.

வீட்டுக்கு வந்து, நோட்டை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

வாசகச் சகோதரிகளே! இதுவரை எழுதியதெல்லாம் எனக்கு ஓரளவு பெருமை தரும் செய்திகள். இனி எழுதப்போவதைச் சொல்லத்தான் இக்கட்டுரையையே தொடங்கினேன்.

ஜூன் மாதத்தில் ஒரு நண்பகல், முடுக்கு வழியாக அந்தப் பெண் தனியே என் வீட்டுக்கு வந்தாள். கணவரும் வரவில்லை, தெருப் பெரியவர்களும் வரவில்லை. நான் நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. வகுப்பறையில் நின்றது போலவே நின்றாள்.

"டீச்சர், கூட்டத்துல நம்ம வார்டுக்கு என்ன வேணும்னு கேக்குறாங்க. எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல. நீங்க வீடு வீடா எழுதின நோட்டு இருக்காமே. கொஞ்சம் தர்றீங்களா? பாத்துட்டுத் தந்துடுறேன்."

"எங்கே வைத்தேன் என்று நினைவில்லையே. தேடிப் பார்க்கிறேன்" என்றேன்.

அலமாரிச் சாவி என் இடுப்பில் இருந்தது. பொய் சொல்லக் கூடாதென்று எந்தப் பிள்ளைக்குக் கற்றுக் கொடுத்தேனோ, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே பொய் சொன்னேன். அவள் நம்பினாளோ இல்லையோ, "சரி டீச்சர்" என்று ஸலாம் சொல்லிப் போய்விட்டாள்.

அன்றிரவு சாச்சியின் சொல் திரும்ப வந்தது. தெருவுக்காகத்தான் நின்றேன் என்றால், தெருவின் குறைகள் எழுதப்பட்ட நோட்டு தெருவின் உறுப்பினரிடம் போவதில் எனக்கென்ன வருத்தம்? அந்த நோட்டைக் கொண்டு அவள் நல்ல பெயர் எடுத்துவிடுவாளே என்பதுதான் வருத்தம். வாறுகால் சரியாக வேண்டும் என்பதோடு, அதைச் சரிசெய்தவள் நானாக இருக்க வேண்டும் என்ற ஆசையும் என்னுள் இருந்திருக்கிறது. அதைத் தேர்தல் நேரத்தில் நான் பார்க்கவில்லை. தோல்விதான் காட்டிக் கொடுத்தது. தெரிந்த பின்பும், அல்லாஹ் மன்னிக்கட்டும், நான்கு மாதங்கள் அந்த அலமாரியைத் திறக்காமலே இருந்தேன்.

அக்டோபரில் பருவமழை தொடங்கியது. முதல் பெருமழையன்று விடிய விடிய விழித்திருந்தோம். எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. உம்மா ஷுக்ரு செய்தார்கள். விடிந்ததும் எங்கள் தெருவை ஒரு முறை சுற்றி வந்தவள், அப்படியே தாழ்ந்த கோடியிலிருக்கும் அந்தத் தெருவுக்கும் போனேன். ஏழு படிகள் அகற்றப்பட்டதால் எங்கள் தண்ணீர் முன்னைவிட வேகமாக இறங்கி, அங்கே முழங்காலளவு நின்றுகொண்டிருந்தது. அந்தத் துப்புரவுப் பணியாளர் அம்மாள் தம் வீட்டுத் தண்ணீரைச் சட்டியால் இறைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கோபப்படவில்லை. "வாங்க டீச்சரம்மா, பாத்து வாங்க, வழுக்கும்" என்றார். நான் அங்கே நிற்க முடியாமல் திரும்பினேன். அந்தத் தெருவின் பக்கங்கள் நாற்பதும் என் அலமாரியில் பூட்டிக் கிடந்தனவே!

2022 நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினம். நகரப் பகுதிகளிலும், கிராம சபையைப் போல் மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டங்கள் அன்று நடைபெறும் என்று அரசு அறிவித்திருந்தது. அதற்கு முந்தின இரவு, மக்ரிபுக்குப் பின் நானே நோட்டை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

"நோட்டு தொலையவில்லையம்மா. கொடுக்க எனக்கு மனம் வரவில்லை" என்றேன். முப்பது ஆண்டு ஆசிரியப் பணியில் ஒரு மாணவியிடம் நான் மன்னிப்புக் கேட்டது அதுவே முதல் முறை. அவள் கண் கலங்கிவிட்டாள். "எனக்குத் தெரியும் டீச்சர். உங்க கண்ணப் பாத்தே தெரிஞ்சது. நான் யாருகிட்டயும் சொல்லல" என்றாள்.

மறுநாள் கூட்டத்தில் அவளே எழுந்து நின்று நோட்டைப் பார்த்துப் படித்தாள். பக்கத்தில் அமர்ந்திருந்த அவள் கணவர் இடையே ஏதோ சொல்ல முற்பட்டபோது, "இருங்க, நான் சொல்லிக்கிறேன்" என்றாள். இது யார் எழுதிய நோட்டு என்பதையும் சொன்னாள். தாழ்ந்த தெருவிலிருந்து பத்துப் பேர் வந்திருந்தார்கள். எங்கள் தெருப் பெரியவர்களும் அவர்களும் ஒரே விரிப்பில் அமர்ந்து ஒரே வாறுகாலைப் பற்றிப் பேசியதை அன்றுதான் பார்த்தேன்.

வழி ஒன்று தென்பட்டது. 2021 இல் நகர்ப்புறங்களுக்கு மீண்டும் கொண்டுவரப்பட்ட "நமக்கு நாமே" திட்டத்தில், மதிப்பீட்டுத் தொகையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால் மீதியை அரசு தரும். வளைகுடாவிலிருந்தும் கொழும்பிலிருந்தும் எங்கள் தெருப் பிள்ளைகள் அனுப்பினார்கள். பெண்கள் சீட்டுப் பணத்தில் மிச்சம் பிடித்துத் தந்தார்கள். தாழ்ந்த தெருவிடம் பங்கு கேட்பதில்லை என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தோம். அங்கே தேங்குவது எங்கள் தண்ணீர்தானே! உறுப்பினர் நகராட்சிக்கு நடையாய் நடந்து ஒப்புதல் வாங்கினாள். 2023 இல் வேலை முடிந்தது. வாட்டம் தப்பாமல் பார்த்துக்கொள்ள நானும் மாமியும் கொத்தனார் பக்கத்திலேயே நின்றோம்.

எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்லமாட்டேன். நான்கு வீட்டுப் படிகள் இன்னும் வாறுகால் மேல்தான் இருக்கின்றன. கழிவுநீர்க் குழாய்களை எடுத்து உறிஞ்சு குழி அமைத்துக்கொள்ளச் சிலர் இன்னும் மனம் வைக்கவில்லை. அவர்களிடம் போய்ப் பேசும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. எங்கள் வாசலில், தேவைப்படும்போது கழற்றி எடுக்கக்கூடிய இரும்புப் படியொன்று போட்டிருக்கிறோம். தம்பி ஊருக்கு வந்திருந்தபோது அதில் அமர்ந்து சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தான்.

உங்கள் தெருவிலும் ஒரு தேர்தல் வரும். உங்களில் யாரேனும் நிற்க நினைத்தால் தயங்காதீர்கள். வெறும் பெயரைக் கொடுத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் இருந்துவிடாதீர்கள். நிற்காதவர்களும் ஒரு நோட்டு வாங்குங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் வாசலில் போய்த் தேங்குகிறது என்று எழுதுங்கள். முதல் பக்கத்தை உங்கள் வீட்டுக்கே ஒதுக்குங்கள். எழுதியதைப் பூட்டி வைக்காதீர்கள்.

அண்மையில் சாச்சியைப் பார்க்கப் போயிருந்தேன். "இப்போது சொல், அன்று எதற்காக நின்றாய்?" என்று கேட்டார்கள். "பாதி தெருவுக்காக, பாதி எனக்காக சாச்சி" என்றேன். அவர்கள் என் தலையைத் தடவி, "கேட்டது கிடைக்கவில்லை. கேட்காத வேலை கிடைத்திருக்கிறது. அதை ஒழுங்காகச் செய்" என்றார்கள்.

இன்ஷா அல்லாஹ், செய்வேன்.